முங்ச்சியின் ஈரம்

நேங்கோல் ஊரில் தொக்பே வீட்டு நாய் முங்ச்சி, செத்துப் பதினேழு வருஷம் ஆகியும் உடம்பில் ஈரம் காயாமல் இருந்தது. மழைக்காலத்தில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. வெயில்காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வாடிப்போன கோழிக்குஞ்சுகளைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் விட்டார்கள், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று. பனிக்காலத்தில்தான் தொல்லை. படுத்த இடத்தில் அப்படியே உறைந்து தரையோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் தொக்பேயின் மனைவி ஓக்னாம் வெந்நீரை ஊற்றி, விரலால் நோண்டி நோண்டி அதை எடுத்து விடுவாள். எடுத்து விட்டதும் அது ஒரு உதறு உதறும். வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேறு தெறித்த அடையாளம் அந்தப் பதினேழு வருஷமும் இருந்தது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சுவரைப் பூசுவார்கள், மறுநாளே பழையபடி ஆகிவிடும்.

அது செத்தது எலி வருஷத்து வசந்தத்தில், குளிர்ச்சோற்று நாளன்று. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள். முந்தின நாள் வடித்த சோற்றை ஆறிப்போனபடியே தின்றுவிட்டு, முன்னோர் புதைமேடுகளில் புல் செதுக்கப் போவார்கள். தொக்பேயும் ஒரு குடம் அரிசிக்கள்ளைத் தூக்கிக்கொண்டு தன் அப்பாவின் புதைமேட்டுக்குப் போனான். அப்பாவுக்கு ஒரு கிண்ணம் ஊற்றினான். மீதியைத் தான் ஊற்றிக்கொண்டான். பிறகு, நெருப்பே ஆகாத அந்த நாளில், மடியிலிருந்து குழாயை எடுத்துப் புகையிலை பற்றவைத்தான். குழாய் வாயிலிருந்து நழுவியதும் தெரியவில்லை, காய்ந்த புல் பிடித்துக்கொண்டதும் தெரியவில்லை. விழித்தபோது அவனைச் சுற்றி ஒரு பாய் அளவுக்குப் புல் நனைந்து பச்சையாக இருந்தது. மலைச்சரிவு முழுக்கக் கரி. கால்மாட்டில் முங்ச்சி, முடியெல்லாம் பொசுங்கி, நீர் சொட்டச் சொட்டச் செத்துக் கிடந்தது. கீழே ஓடைக்கும் மேலே அவனுக்குமாக அது எத்தனை நடை நடந்தது என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. ஓடைக்கரையிலிருந்து மேடு வரைக்கும் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்ததை மட்டும் பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

ஊர் அழுதது. தொக்பே கள்ளுக்கடையில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல நெருப்பு மலையுச்சியிலிருந்து தானாக இறங்கிவந்த நெருப்பாக ஆயிற்று, குழாய் கதையிலிருந்தே காணாமல் போயிற்று. பொசுங்கிய ஒற்றைப் புருவத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டு, "என் மேல அதுக்கு அவ்வளவு உசிரு" என்றான். கேட்டவர்கள் அவனுக்குக் கள் வாங்கிக் கொடுத்தார்கள். இந்த இடத்தில்தான் ஓக்னாமுக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் கடைசிவரைக்கும் அணையவில்லை.

ஏனென்றால் நாய் அவனுடையது அல்ல. கல்யாணமாகி வரும்போது தன் அம்மா வீட்டிலிருந்து பாவாடை மடிப்பில் வைத்து அவள் கொண்டுவந்த குட்டி அது. கண்ணை மறைத்து முடி தொங்கும் சாதி. அந்தச் சாதி நாய் வாசலில் இருந்தால் கெட்ட ஆவி உள்ளே வராது என்பார்கள். ஆவியை விரட்டும், புருஷனை விரட்டாது என்று ஓக்னாமின் அக்காமார் அப்போதே சிரித்தார்கள். தன் பழைய மேல்சட்டையை விரித்து அதில் படுக்கவைத்து, சட்டி அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டிப் போட்டு வளர்த்தவள் ஓக்னாம். தொக்பே அதற்குப் போட்டதெல்லாம் உதைதான். ஆனால் அவன் குடிக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் அவள் நாயின் முதுகைத் தட்டி, "போடி, போயி அவனைக் கூட்டிட்டு வா" என்பாள். அது போகும். சாக்கடையிலோ வரப்பிலோ கிடப்பவனை நக்கி எழுப்பி, முன்னால் நடந்து, கூட்டிக்கொண்டு வந்துவிடும். குளிர்ச்சோற்று நாளன்றும் அவள் அதைத்தான் சொன்னாள். நாய் அவனுக்காகச் சாகவில்லை. கூட்டிட்டு வா என்று அவள் சொன்னதற்காகச் செத்தது. இது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அவனுக்குச் சோறு வடிக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால், அவருடைய மேல்சட்டையை எடுத்துக்கொண்டு ஒருவர் கூரைமேல் ஏறுவார். வடக்கே பார்த்துச் சட்டையை ஆட்டி, செத்தவர் பேரை மூன்று தடவை கூப்பிட்டு, திரும்பி வா என்பார். உயிர் வெகுதூரம் போயிருக்காவிட்டால் திரும்பிவிடும் என்று கணக்கு. ஒருத்தரும் திரும்பியதில்லை. ஒப்புக்குக் கூப்பிட்டுவிட்டு இறங்கி வந்து அழ ஆரம்பிப்பார்கள். நாய்க்காக யாரும் ஏறியதில்லை. நாயை மலையில் புதைத்துவிட்டு வந்த அன்று ஓக்னாம் அந்தப் பழைய மேல்சட்டையை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினாள். பக்கத்து வீட்டு தால்சிம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, மாமா நல்லாத்தானே இருக்காரு, யாருக்கு ஏர்றீங்க?" என்று பதறினாள். தொக்பே முற்றத்தில் நின்று, "இறங்குடி, ஊரே சிரிக்கும்! செத்தது நாய்!" என்று கத்தினான். ஓக்னாம் வடக்கே பார்த்து மூன்று தடவை கூப்பிட்டாள்.

மனிதர்கள் செத்தபிறகு எத்தனை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது நாய். கூப்பிட்டால் வந்துதான் அதற்குப் பழக்கம். வெயில் மலைமேல் சாயும் நேரத்துக்கு முங்ச்சி நீர் சொட்டச் சொட்ட வாசலில் வந்து உட்கார்ந்தது. ஆண்கள் மண்வெட்டியோடு மலைக்குப் போய்த் தோண்டிப் பார்த்தார்கள். குழிக்குள்ளும் அது கிடந்தது. மறுபடி மூடிவிட்டு வந்தார்கள். அதற்குமேல் யாரும் ஆராயவில்லை, நாற்றங்கால் வேலை தலைக்குமேல் கிடந்தது.

அப்போது விறகுக் கொட்டகையில் முங்ச்சிக்கு ஒரே ஒரு குட்டி மிச்சம் இருந்தது, மற்றவற்றை ஊரில் கொடுத்தாகிவிட்டது. வந்த அன்றே முங்ச்சி கொட்டகைக்குப் போய்ப் படுத்துப் பால் கொடுத்தது. பால் கிணற்றுத் தண்ணீரைப்போலச் சில்லென்று இருந்திருக்க வேண்டும், குட்டி குடித்துவிட்டு நடுங்கும். ஆனாலும் நன்றாகவே வளர்ந்தது. பஞ்சுபோல வெளுப்பாக இருந்ததால் ஓக்னாம் அதற்குச் சோமி என்று பேர் வைத்தாள். முங்ச்சி எதையும் தின்னவில்லை. புது வருஷத்து முதல் முழுநிலாவன்று எங்கள் ஊரில் ஐந்து தானியச் சோறு பொங்கித் தின்றுவிட்டு நாய்களை மட்டும் பட்டினி போடுவது வழக்கம். அன்றைக்கு நாய்க்குப் போட்டால் வீட்டில் ஈ மொய்க்குமாம். "இவளுக்கு இனிமே தினமும் முழுநிலாதான்" என்று தால்சிம் சொன்னாள். முங்ச்சி இருக்கும் பக்கத்தில் நெருப்பும் பிடிக்காது. தொக்பே அதன் பிறகு எத்தனை குச்சி கிழித்தும் அவன் குழாயில் புகை வந்ததே இல்லை. சாயங்காலமானால் அது முன்போலவே எழுந்து கள்ளுக்கடைக்குப் போய், அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது.

இப்போது ஊர்த்தலைவர் மியோங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்கே மூன்று மலை தாண்டி ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இதே மாதிரி குடித்துக் கிடந்த ஒருவனைக் காப்பாற்றிச் செத்த நாய்க்கு முன்னோர் காலத்திலேயே கல் நட்டிருக்கிறார்கள், ஊருக்கே அதனால் பேர். மியோங்குக்கு அந்தக் கல்மேல் நெடுநாள் பொறாமை. நமக்கும் ஒரு நாய் கிடைத்ததே என்று அவர் பூரித்துப் போனார். ஆள் உயரக் கல் வெட்டவைத்து ஊர் நடுவில் நட்டார். நட்ட நாள் கோடையின் உச்சம். அன்றைக்கு விருந்துக்காக அவர் வீட்டுப் பின்கட்டில் பெரிய கொப்பரை கொதித்தது. அந்த வெயிலில் உடம்புக்குத் தெம்பு என்று எங்கள் ஊர் ஆண்கள் எந்தக் கறியைத் தின்பார்கள் என்று எல்லா நாய்க்கும் தெரியும். கொப்பரைக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவர்தான். மியோங் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்று பேசினார். இருட்டு நாட்டு ராஜா தன் நெருப்பு நாய்களைச் சூரியனைப் பிடித்துவர அனுப்பிய கதையைச் சொன்னார். கடித்தால் வாய் வெந்துபோகும், துப்பிவிட்டு வரும். நிலாவைப் பிடிக்க அனுப்புவார், பல் விறைத்துப்போகும், துப்பிவிட்டு வரும். ஆனாலும் ராஜா அனுப்ப அனுப்ப அவை போய்க்கொண்டே இருக்கின்றன, அதனால்தான் கிரகணம் வருகிறது. "போ என்றால் போவது. அதற்குப் பேர்தான் விசுவாசம்" என்றார். மேலிடத்து ஆட்கள் கை தட்டினார்கள். நாடு அப்போது கடல் தாண்டி வந்தவர்கள் கையில் இருந்தது, அவர்களுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். முங்ச்சி கூட்டத்தின் ஓரத்தில் நனைந்து உட்கார்ந்திருந்தது. பேச்சு தன்னைப் பற்றியது என்று அதற்குத் தெரியாது.

ஓக்னாமுக்கு எழுத்து தெரியாது. கல்லில் என்ன இருக்கிறதென்று பள்ளிக்கூட வாத்தியாரைப் படிக்கச் சொன்னாள். எசமான் தொக்பேக்காக உயிரைத் தந்த நன்றியுள்ள நாய் என்று அவர் படித்தார்.

"எசமானா? யாரு எசமான்?" என்று அவள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். "அது என் நாய் தலைவரே. நான் போன்னு சொன்னேன், போச்சு. நெருப்பை வெச்சது இவன். குளிர்ச்சோத்து நாள்ல குழாய் பத்தவெச்சான். எழுதறதா இருந்தா அதை எழுதுங்க."

மியோங் சிரித்தார். "கல்லுல அதெல்லாம் எழுதுவாங்களா தங்கச்சி? நாலு ஊரு வந்து பாக்கற கல்லு."

"அப்ப இன்னொண்ணு கேக்கறேன். சூரியனைப் பிடிக்க அந்த ராஜா ஏன் போகலை?"

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தொக்பே அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். கல் நின்றது. பள்ளிப் பிள்ளைகள் மாதம் ஒரு தடவை வந்து அதன்முன் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள்.

நாலு வருஷம் கழித்து, டிராகன் வருஷத்துப் பனிக்காலத்தில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் மியோங் உத்தரவைப் படித்தார். வடக்கே சண்டையில் இருக்கும் சிப்பாய்களுக்குக் குளிர் தாங்கவில்லை, ரோமக் கோட்டு வேண்டும், ஊரிலுள்ள நாய்த்தோல் முழுவதையும் கொடுத்தாக வேண்டும். படிக்கும்போது அவர் கை கல்லின்மேல் சாய்ந்திருந்தது. எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது அந்தக் கையை நினைத்துத்தான். உத்தரவு போட்டவன் எங்கோ இருந்தான். நன்றியுள்ள நாய் என்று வெட்டிய எழுத்தின்மேல் கை வைத்துக்கொண்டு நாய்த்தோலுக்குப் பட்டியல் படித்தவர் எங்கள் ஊர்க்காரர்.

மேலிடத்திலிருந்து ஆட்கள் கயிறும் தடியுமாக வந்தார்கள். ஆனால் எங்கள் நாய்களை வெளியாள் பிடிக்க முடியாது. கண் மறைக்கும் முடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே நழுவிவிடும். அதனால் வீட்டுக்கு ஒருவர் வந்து தங்கள் நாயைத் தாங்களே கூப்பிட வேண்டும் என்றார்கள். கூப்பிட்டார்கள். கள்ளுக்கடைக்காரன் கூப்பிட்டான், வந்தது. கொல்லன் கூப்பிட்டான், வந்தது. தால்சிமின் புருஷன் கூப்பிட்டான். அவர்களுடைய கொம்தூங், கன்னங்கரேலென்று இருக்கும், வைக்கோல்போரின் அந்தப் பக்கத்திலிருந்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. வரும் வழியில் ஒரு செருப்பையும் கவ்விக்கொண்டு வந்தது, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. எல்லாமே முங்ச்சியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒன்றாவது உறுமியிருக்கலாம், ஒன்றாவது வராமல் இருந்திருக்கலாம். எல்லாம் வந்தன. முங்ச்சி தடிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடியது. அடி அதன்மேல் விழுந்தபோது தண்ணீர் தெறித்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. ஈரத்தோல் வேண்டாம், பட்டியலில் சேராது என்று கூட வந்த எழுத்தர் அதை ஒதுக்கச் சொன்னார்.

ஓக்னாம் சோமியை அன்று காலையிலேயே ஊறுகாய்ப் பானைகள் புதைக்கும் குழியில் இறக்கி, மேலே வைக்கோல் போட்டு மூடியிருந்தாள். மூடும்போது, "யாரு கூப்பிட்டாலும் வராத. நான் கூப்பிட்டாத்தான் வரணும். என்ன?" என்று சொல்லியிருந்தாள். கல் நின்ற சதுக்கத்தில் அவள் முறை வந்தபோது, "நான் கூப்பிட மாட்டேன்" என்றாள். தோல் வராவிட்டால் தொக்பே பேர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகும் பட்டியலில் ஏறும் என்றார் மியோங். "ஏத்திக்குங்க. போன்னா போறதுதானே விசுவாசம், போகட்டும்" என்றாள் அவள். தொக்பே ஏதோ முணுமுணுத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தான். அவன் கூப்பிட்டால் சோமி வராது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் கவலைப்படவில்லை.

தொக்பே கூப்பிடவே இல்லை. பெட்டியைத் திறந்து அந்தப் பழைய மேல்சட்டையை எடுத்தான். முங்ச்சி படுத்து, சோமி படுத்து, ஓக்னாமின் வாசனையும் நாய்களின் வாசனையும் கலந்து ஊறிப்போன சட்டை. அதைக் குழி வாயில் தொங்கவிட்டான். பிறகு அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தான். சோமி மூக்கைச் சட்டையிலிருந்து எடுக்காமல் அவன் பின்னாலேயே சதுக்கம் வரைக்கும் வந்தது. குடித்தால் நாலு வீடு தாண்டத் தெரியாதவனுக்கு அன்றைக்கு இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்தோ வந்தது.

ஓக்னாம் பார்த்துவிட்டாள். "ஓடிப் போ! சோமி, போயிடு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஆனால் ஓடிப்போவதற்கு அவள் அதைப் பழக்கியதே இல்லை. அதற்குக் கேட்டது அவள் குரல், அவள் வாயில் தன் பேர். நான் கூப்பிட்டால் வா என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். அது சட்டையை விட்டுவிட்டு, ஆட்களின் கால்களுக்கு நடுவே புகுந்து, வாலை ஆட்டிக்கொண்டு நேராக அவளிடம் ஓடிவந்தது. பாதி வழியில் தடி விழுந்தது.

மாலைக்குள் தோல்களை உரித்து, மியோங் வீட்டுத் தானியக் கொட்டகையின் மண்சுவரில் ஆணி அடித்து விரித்தாகிவிட்டது. காலையில் மாட்டு வண்டி ஏற்றிக்கொண்டு ரயிலுக்குப் போகும். ஊரார் வீட்டுக்குள் போகவும் மனமில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் முடியாமல் சதுக்கத்திலேயே நின்றார்கள். ஓக்னாம் சேற்றில் மிதிபட்டுக் கிடந்த மேல்சட்டையை எடுத்தாள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. மியோங்கின் கொட்டகைச் சுவரில் ஏணியைச் சாத்தி, அவர் ஓட்டுக்கூரையில் ஏறி நின்றாள்.

"என் கூரைமேல என்ன பண்ற? இறங்கு!" என்று மியோங் குரல் கொடுத்தார்.

"கல்லுக்குக் கீழ நின்னு நீங்க கூப்பிட வெச்சீங்கல்ல? மேல நின்னு நான் கூப்பிடறேன்" என்றாள். வடக்கே பார்த்துச் சோமியை மூன்று தடவை கூப்பிட்டாள். பிறகு கீழே பார்த்து, "கள்ளுக்கடைக்காரரே, உம்ம நாய் பேரு என்ன? கத்திச் சொல்லும்! காலையில கத்தினீரே, இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள். கள்ளுக்கடைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லவைத்தாள். கொல்லனைச் சொல்லவைத்தாள். தால்சிம் தன் புருஷனை முந்திக்கொண்டு, "கொம்தூங் அக்கா, எங்க கொம்தூங்கையும் கூப்பிடுங்க" என்று விசும்பினாள். ஒவ்வொரு பேரையும் மும்மூன்று தடவை, ஒப்புக்கு இல்லாமல், அடிவயிற்றிலிருந்து, திட்டுவதுபோலக் கூப்பிட்டாள் ஓக்னாம். கடைசிப் பேர் முடிந்ததும் சுவரிலிருந்து ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. தோல்கள் சுவரைவிட்டு இறங்கி, உதறிக்கொண்டு, நாய்களாக நின்றன. கழுத்தில் காலையில் போட்ட கயிறு அப்படியே இருந்தது. முங்ச்சி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது.

அவை யாரையும் கடிக்கவில்லை. கடித்திருந்தால் ஊராருக்கு மனசாவது ஆறியிருக்கும். ஒவ்வொன்றும் தன்னைக் கூப்பிட்டவனிடம் போய், காலையில் வந்ததுபோலவே வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கொம்தூங் வாயில் அந்தச் செருப்பு இருந்தது. கழுத்துக் கயிற்றை அவிழ்க்க அன்றும் மறுநாளும் எல்லோரும் முயன்றார்கள், கத்தி வைத்தும் அறுபடவில்லை. சோமி தொக்பேயிடம் போகவில்லை. ஓக்னாமின் காலடியில் வந்து படுத்தது.

காலையில் வண்டி வந்தது. சுவரில் ஓட்டைகள் மட்டும் இருந்தன. மியோங் நடந்ததை நடந்தபடி சொன்னார். அவர் வாழ்க்கையில் உண்மை சொன்னதற்காக அடி வாங்கியது அந்த ஒரு தடவைதான். ஆட்கள் மறுபடியும் கயிறும் தடியும் எடுத்துப் பார்த்தார்கள், செத்ததைச் சாகடிக்க முடியாமல் திரும்பிப் போனார்கள். தோல்களுக்குப் பதிலாக வேறு எந்த ஊரிலோ கூடுதலாக எடுத்திருப்பார்கள். அந்த ஊரில் கூரையேற ஒருத்தி இருந்தாளோ இல்லையோ.

அதன்பிறகு உத்தரவுகள் ஓயவில்லை. அடுத்த வருஷங்களில் சோற்றுக் கிண்ணம் முதற்கொண்டு வெண்கலம் எல்லாம் கேட்டார்கள், பைன் மரத்துப் பிசின் கேட்டார்கள், கடைசியில் ஆட்களைக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் மியோங் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பட்டியலைப் பிரித்துப் பேர் வாசிக்க ஆரம்பித்ததும், ஊரின் எல்லா மூலையிலிருந்தும் நாய்கள் வந்துவிடும். வந்து கழுத்துக் கயிறோடு அவருக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கும். ஊரார் அவற்றைப் பார்ப்பார்கள். பிறகு எந்தப் பேருக்கும் யாரும் வரமாட்டார்கள். தேடிவந்த துப்பாக்கிக்காரர்கள் முங்ச்சி நடந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தார்கள். அது உதறிவிட்டுப் போன பக்கத்தில் துப்பாக்கி மருந்தும் பிடிக்கவில்லை. சுரங்கத்துக்குத் தொக்பேயின் பேரும் வாசிக்கப்பட்டது, அவனும் போகாமல் தப்பித்தான். நாய்கள் ஆள் பார்த்துக் காப்பாற்றவில்லை. ஓக்னாமுக்கு அதிலும் வயிறு எரிந்தது. கடல் தாண்டி வந்தவர்கள் ஓடிப்போனார்கள். பிறகு நாடு இரண்டாகி நமக்குள்ளேயே சண்டை வந்தது. வடக்கிலிருந்து வந்தவர்களும் அந்தக் கல்லடியில் நின்று பேர் வாசித்தார்கள், அவர்களை விரட்டிக்கொண்டு தெற்கிலிருந்து வந்தவர்களும் அதே இடத்தில் வேறு பட்டியல் வாசித்தார்கள். நாய்கள் இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி வரிசையில் உட்கார்ந்தன. நேங்கோல்காரர்களை ஒரு தடவை கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்று சுற்றுவட்டாரத்தில் பேர் ஆகிவிட்டது. இன்றைக்கும் சோறு ஆறுகிறது என்று வீட்டுப் பிள்ளைகளை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது.

இத்தனை வருஷமும் ஓக்னாமும் தொக்பேயும் ஒரே கூரையின்கீழ்தான் இருந்தார்கள். அவள் அவனை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. சோற்றுப் பலகையை வைத்துவிட்டுப் போய்விடுவாள். சூப்பின் மணத்தை வைத்துச் சாப்பாட்டு நேரத்தை அவனே தெரிந்துகொள்ள வேண்டும். அவன் முன்னைவிட அதிகம் குடித்தான். குடித்துவிட்டு அழுதான். அழுகிற குடிகாரனைக் கண்டால் எங்கள் ஊரில் இரக்கப்படுவார்கள், அவனுக்கும் கொஞ்சம் கிடைத்தது. முங்ச்சி மட்டும் சாயங்காலமானால் எழுந்து போய், அவனை வரப்பிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் நக்கி எழுப்பி, நீர் சொட்ட முன்னால் நடந்து, கூட்டிக்கொண்டு வந்தது. ஓக்னாம் வாசலில் நின்று, "உனக்கு ரோசமே இல்லையாடி? உன் பொண்ணை வித்தவனை இன்னும் எதுக்குடி கூட்டிட்டு வர்ற?" என்று திட்டுவாள். முங்ச்சி ஒரு உதறு உதறிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

பாம்பு வருஷத்து வசந்தத்தில், ஒரு மத்தியானம், தொக்பே தன் பாயிலேயே செத்தான். தால்சிம் வந்து அவனுடைய மேல்சட்டையை எடுத்து ஓக்னாமின் கையில் கொடுத்தாள். வழக்கத்தை விட முடியுமா. ஓக்னாம் ஏணி வைத்துக் கூரையில் ஏறினாள். கீழே முற்றம் நிறைய ஊரார். வேலியோரம் கயிறுகளோடு நாய்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் கூப்பிட்டால் வந்துவிடுகிறதே என்று எல்லோருக்கும் தெரியும். அவள் வடக்கே பார்த்து நின்றாள். சட்டை காற்றில் ஆடியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

"அக்கா, கூப்பிடுங்க. நேரமாகுது" என்றாள் தால்சிம்.

ஓக்னாம் சட்டையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் கீழே வாசலில் முங்ச்சி எழுந்து நிற்பதைப் பார்த்தாள். காதை நிமிர்த்திக்கொண்டு, மலைப்பாதைப் பக்கம் ஒரு கால் எடுத்துவைத்து, அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆள் கிளம்பிவிட்டான், போய்க் கூட்டிட்டு வரட்டுமா என்று கேட்கிற நிலை அது. போ என்று தான் சொன்ன சொல்லைத் தான் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை என்பது ஓக்னாமுக்கு அந்தக் கூரையின் மேல்தான் உறைத்தது. கல்லையும் மியோங்கையும் புருஷனையும் பதினேழு வருஷம் திட்டியவள், இதை ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

"போதும்டி" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். "அவனைக் கூட்டிட்டு வர வேணாம். இனிமே யாரையும் கூட்டிட்டு வர வேணாம். படு."

முங்ச்சி எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. முற்றத்தில் வெயில் விழும் இடமாகப் பார்த்து, மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது. அதன் முதுகிலிருந்து ஆவி கிளம்பியது. பிணத்தைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் முடி காய்ந்து, பழைய செம்பழுப்பு நிறம் வந்துவிட்டது. மற்ற நாய்களின் கழுத்திலிருந்து கயிறுகள் தாமாக அவிழ்ந்து விழுந்தன. அவற்றைப் பொறுக்கிப் பாடை கட்டுவதற்கு எடுத்துக்கொண்டார்கள், கயிறு கொஞ்சம் குறைவாக இருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபிறகு ஓக்னாம் சட்டி அடிச்சோற்றைச் சுரண்டி ஒரு கிண்ணத்தில் போட்டு வாசலில் வைத்து, "முங்ச்சி" என்று கூப்பிட்டாள். முங்ச்சி முடிக்குள்ளிருந்து ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். வாலின் நுனி மட்டும் அசைந்தது, எழுந்து வரவில்லை. ஓக்னாம் அடக்க மாட்டாமல் சிரித்தாள். சாவு வீட்டில் என்ன சிரிப்பு என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தால்சிம் எட்டிப் பார்த்தாள். ஓக்னாம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தானே அதனிடம் நடந்தாள்.